உப்புத் தண்ணீரில் தேறிய பகடை

கண்ணாடித் தம்ளரில் கரண்டி கரண்டியாக உப்பைக் கொட்டிக் கலக்குகிறார் டுவேன் நைகார்ட். இனிக் கரையாது என்றானதும், இருபது முகப் பகடையை அதில் மிதக்கவிட்டு விரலால் ஒரு சுண்டு சுண்டுகிறார். ஒரே எண் திரும்பத் திரும்ப மேலே வந்தால் பகடை ஒருபக்கம் கனம், குப்பைக்குப் போகும். தேறியவை வெல்வெட் பதித்த பெட்டிக்குள் குடியேறும். பெட்டியை வேறு யாரும் தொடக் கூடாது. "அடுத்தவன் கை பட்டா ராசி ஓடிப்போயிடும்" என்பார். விஞ்ஞானத்தால் சோதித்ததை ராசியால் பூட்டி வைக்கிற மனிதர்.

ஞாயிறு மதியம், விஸ்கான்சினில் பனி கொட்டும்போது, அவர் வீட்டு நிலவறை மேசையைச் சுற்றி நால்வர் விளையாட உட்காருவார்கள். மார்சி கதை சொல்லுவாள். அரக்கர்களின் உயிர்க்கணக்கு அவளுடைய அட்டை மறைப்புக்குப் பின்னால் இருக்கும். மற்ற மூவரும் ஆளுக்கொரு வேடத்தில் கதைக்குள் புகுந்து, பகடை உருட்டிச் சண்டை போடுவார்கள். டுவேன் கோடரி வீரன். பதினோரு வருடமாக வளர்த்த ஆள். மெக்கானிக் கஸ் வில்லாளி. முதியோர் இல்லத்தில் நடமாட முடியாதவர்களைத் தூக்கிக் குளிப்பாட்டும் லொரெட்டா பாட்டுக்காரி. அவள் பாடினால் அரக்கனின் குறி தவறும், விழுந்தவன் எழுவான்.

வாரநாட்களில் டுவேனுக்குக் கிடங்கில் வேலை. பெட்டி தூக்குவதல்ல, தூக்குகிறவர்களை அளப்பது. மணிக்கு இத்தனை பெட்டி என்று பார்த்து, போன ஆண்டு ஒரு கிழவரை வீட்டுக்கு அனுப்பினார். கிழவர் குறைவாகத்தான் தூக்கினார். சரியப் போகும் அடுக்கைக் கண்டுபிடித்து முட்டுக் கொடுப்பதும் அவர்தான். அதற்கு டுவேனின் அட்டவணையில் கட்டம் கிடையாது. கட்டத்தில் இல்லாதது உலகத்திலும் இல்லை என்பது அவர் கொள்கை. கிழவர் போன பிறகு அடுக்கு சரிந்து இருவருக்குக் கால் ஒடிந்தது. அதைப் பதிய மட்டும் உடனே ஒரு கட்டம் முளைத்தது: 'தொழிலாளர் கவனக்குறைவு.'

இந்த ஞாயிறு, ஆட்டத்தில் ஆளாளுக்கு வெட்டியதைப் பதிந்து வைத்திருந்த மடிக்கணினியை லொரெட்டா பக்கம் திருப்பினார்.

"தப்பா எடுத்துக்காதே. ஒரு சுற்றுக்கு நான் அரக்கன் உயிர்ல முப்பது வெட்டுறேன். கஸ் பதினாலு. நீ பூஜ்யம். ஜூலையில நாம போற ஆட்டப் போட்டிக்கு உன் நாற்காலியில எங்க ஆபீஸ் ஆளு ஒருத்தனை உட்கார வைக்கலாம்னு..."

"நான் லீவு எழுதிக் குடுத்தாச்சு, டுவேன். வருஷத்துல எனக்குன்னு இருக்கிறதே அந்த ஒரு வாரம்."

"இதுல சொந்த விருப்பு வெறுப்பே இல்ல. கணக்கு."

மறைப்புக்குப் பின்னாலிருந்து மார்சி கேட்டாள்: "போன வாரம் கடைசி அரக்கனை வெட்டினியே, எத்தனைன்னு போட்டுக்கிட்ட?"

"நாப்பத்தொண்ணு!"

"அவன்கிட்ட மிச்சம் இருந்த உயிர் மூணு."

கஸ்ஸுக்கு பீர் புரையேறியது. "அப்போ மிச்சமெல்லாம் பொணத்தையா வெட்டிக்கிட்டிருந்தே?"

"வெட்டு வெட்டுதான்" என்றார் டுவேன்.

லொரெட்டா நிமிர்ந்தாள். "கணக்குன்னா முழுசாப் போடு. இன்னிக்கு ஒரு சண்டை நான் வாயே திறக்கல. அப்போ நீ எவ்வளவு வெட்டுறேன்னு பாரு."

"நியாயமான சோதனை!" டுவேனுக்குப் பரம சந்தோஷம்.

சண்டை தொடங்கியது. லொரெட்டா பொரித்த பாலாடைக்கட்டிகளை ஒவ்வொன்றாகத் தின்றுகொண்டிருந்தாள். டுவேன் முப்பத்திரண்டு வெட்டி, பெருமையோடு கணினியில் தட்டி ஏற்றினார். வழக்கமாகச் சுவரில் மோதும் அரக்கனின் கதாயுதம் இன்று அவர் தலையில் இறங்கியது. அடுத்த அடி விலாவில்.

"நான் தூணுக்குப் பின்னால போறேன்பா" என்றான் கஸ்.

"டேய், என்னை விட்டுட்டுப் போறியா?"

"என் சராசரியை நான் பாக்க வேணாமா?"

மூன்றாவது அடியில் கோடரி வீரன் குப்புற விழுந்தான். விழுந்தவன் வெட்ட முடியாது. சுற்றுக்குச் சுற்று பூஜ்யம் ஏற, முப்பத்திரண்டு என்ற சராசரி அவர் கண்முன்னாலேயே சரிந்தது.

"இந்தச் சுற்றோட மூச்சு நின்னுடும்" என்றாள் மார்சி. "செத்தா செத்ததுதான், டுவேன். பதினோரு வருஷமும் போச்சு. யாராச்சும் ஏதாச்சும் செய்றீங்களா?"

லொரெட்டா விரல்களைத் துடைத்துக்கொண்டாள். "நான் சோதனையில இருக்கேன். ஆமா, ஜூலையில அந்த நாற்காலி யாருது?"

டுவேன் திரையைப் பார்த்தார். அதற்கு அதில் கட்டம் இல்லை.

"சொல்லித் தொலையேன்டா" என்றது தூணுக்குப் பின்னாலிருந்த குரல்.

"உன்னுது" என்றார், சட்டைக் காலருக்குள்.

"சரி, பாடறேன்."

"பதினொண்ணுக்கு மேல விழுந்தா எழுந்திருப்பான்" என்றாள் மார்சி.

லொரெட்டா தன் பையிலிருந்து முனை உடைந்த பச்சைப் பகடையை எடுத்தாள். "இது உன் உப்புத் தண்ணியில தோத்ததாச்சே. பரவாயில்லையா?"

டுவேன் அந்த உடைந்த முனையைப் பார்த்தார். பிறகு வெல்வெட் பெட்டியின் மூடியைத் திறந்து, இரண்டு கைகளாலும் அவள் பக்கம் தள்ளினார்.