பத்ரீஸுக்கு இரண்டு பூவன்பழம்

தோல் கறுத்து, கொஞ்சம் புளிப்பும் கொஞ்சம் தேனுமாக மூக்கில் ஏறும் பூவன்பழ வாசனை எங்கே வந்தாலும் என் காது இன்றும் விசில் சத்தத்தைத் தேடுகிறது. ஒதியம்பட்டு தாண்டி உள்ளடங்கிய எங்கள் ஊரில், என் அத்தாவின் பெட்டிக்கடைக்குப் பின்னால் விற்காத பழங்களைப் போட்டுவைக்கும் மரப்பெட்டி ஒன்று இருந்தது. கடைக்கு எதிரே, அறுப்பு முடிந்த மாசி மாதத்தில், இரண்டு நாள் வாலிபால் போட்டி நடக்கும். எனக்கு அப்போது பதினோரு வயது. பள்ளிக்கூடத்தில் என் பெயர் ரஹ்மத், மைதானத்தில் "சைரன்". அப்படி ஒரு தொண்டை.

எதிர் டீம் ஆட்டக்காரர் சர்வீஸ் போடப் போகும்போது அவருக்கு ஒரு பட்டப்பெயர் சூட்டிக் கத்தி, கையைத் தடுமாற வைப்பது எங்கள் ஊர் வழக்கம். அதற்குப் "பேர் வைக்கிறது" என்று சொல்வோம். உயரமானவர் "டவரு", குட்டையானவர் "பம்பரம்". நான் எடுத்துக் கொடுப்பேன், கூட்டம் வாங்கிக் கத்தும். பேர் வாங்கியவரே மேட்ச் முடிந்ததும் எங்கள் கடையில் சோடா குடித்தபடி, "எனக்குப் பேரு வெச்ச பாப்பா எங்க?" என்று சிரித்துக்கொண்டே தேடுவார். அதில் எனக்கிருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல.

அந்த வருஷம் கரையாம்புத்தூர் டீமுக்கு "கெஸ்ட் பிளேயர்" ஆக வந்தவர் பத்ரீஸ். காங்கோ நாட்டுக்காரர், பாண்டிச்சேரியில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தார். சனிக்கிழமை லீக் மேட்சில் அவர் முதல் சர்வீசுக்குப் போனபோது நான் வைத்த பேர் "கொரங்கு". எழுதக் கை கூசுகிறது, ஆனால் வைத்தது நான்தான். கூட்டம் "ஊ, ஊ" என்று பிடித்துக்கொண்டது. அந்தக் குஷியில் ஓடிப்போய் மரப்பெட்டியிலிருந்த பழங்களை மடியில் அள்ளிவந்து பையன்களுக்குக் கொடுத்தேன். தின்றுவிட்டுத் தோலை அவர்மேல் எறிந்தார்கள். இத்தனைக்கும் நாங்கள் ஒன்றும் சந்தன நிறமில்லை. எனக்குக் கடலைமாவு தேய்த்துத் தேய்த்தே என் அம்மா சலித்துப்போயிருந்தார். பத்ரீஸ் குனிந்து, யாரும் வழுக்கி விழக்கூடாதென்று தோல்களைப் பொறுக்கி ஓரமாகப் போட்டார். அதற்குப் பிறகு அவர் போட்ட மூன்று சர்வீசும் வலையில் விழுந்தன. நாங்கள் ஜெயித்தோம், என்னைத் தோளில் தூக்கிவைத்து ஆடினார்கள்.

சாயங்காலம் அவரும் அவர் டீம் அண்ணன் ஒருவரும் கடைக்கு வந்தார்கள். நான் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். அந்த அண்ணன் தாரிலிருந்து இரண்டு பழத்தைப் பிய்த்து, "இந்தாடா, உன் பழம்" என்று நீட்டினார்.

பத்ரீஸ் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "வேணாம். பிஸ்கட் போதும்."

"இன்னாடா இது? ரெண்டு பழம் துன்னாம நீ கிரவுண்டுலயே எறங்க மாட்டியே."

பத்ரீஸ் ஒருமுறை தெருவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் நான் தப்பித்திருப்பேன். யாராவது பார்க்கிறார்களா என்ற கூச்சம்தான் இருந்தது. பிஸ்கட் பொட்டலத்தோடு அவர்கள் போன பிறகும் பிய்த்த பழம் இரண்டும் தட்டில் கிடந்தன. ஒரு மனிதர் ஆசையாகத் தின்னும் பழத்தை நாலு பேர் முன்னால் தின்ன முடியாமல் செய்துவிட்டேனே என்று அப்போதுதான் புரிந்தது. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் பைனல், அதே இரண்டு டீம்கள். காலையில் வலை கட்டிக்கொண்டிருந்த எங்கள் கேப்டன் முருகண்ணனிடம் போய், "இன்னைக்கு அந்தப் பேரு வேணாம்ணா" என்றேன்.

"வெளையாட்டுல இதெல்லாம் சகஜம் பாப்பா. நம்ம ஊர்ல யாருக்குத்தான் பட்டப்பேரு இல்ல? உன்னியே சைரன்னுதான கூப்புடறோம்."

"சைரன்னா எனக்குச் சிரிப்பு வருது. அவரு பழம் துன்றதையே வுட்டுட்டாருண்ணா."

முருகண்ணன் கயிற்றை இழுத்துக் கட்டினார். "போ, மேட்சுக்கு நேரமாவுது" என்பதோடு பேச்சு முடிந்தது.

பைனலில் முதல் சர்வீஸ் பத்ரீஸுக்கே வந்தது. கூட்டம் மொத்தமும் என் முகத்தைப் பார்த்தது. நான் வாயைத் திறக்கவில்லை என்றதும் பையன்களே "ஊ" என்று தொடங்கினார்கள். மைக்செட் மேசைக்கு ஓடிப்போய் மைக்கைப் பிடுங்கினேன். "நேத்து கொரங்குன்னு மொதல்ல கத்தனது நான். பழம் குடுத்ததும் நான். அது தப்பு. யாரும் கத்தாதீங்க" என்று நான் சொன்னது நாலு ஸ்பீக்கரிலும் கேட்டது. குரல் நடுங்கியது, சைரன் நடுங்கி ஊர் கேட்டது அதுதான் முதல் தடவை.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் நான் கடையிலிருந்து கொண்டுவந்திருந்த இரண்டு பழத்தோடு மைதானத்துக்குள் நடந்தேன். பாதி தூரம் போனபோது கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. நேற்றைய கேலியின் அடுத்த பாகம் என்று நினைத்துவிட்டார்கள். பத்ரீஸின் முகமும் இறுகியது. மன்னிப்பு கேட்கப் போகிறவள் கையில் எதைக் கொண்டு போகக்கூடாதோ அதையே கொண்டுபோகிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. திரும்பி ஓட முடியாது. அவர் முன்னால் நின்று ஒரு பழத்தை உரித்து, அழுதுகொண்டே நானே தின்றேன், எல்லோரும் பார்க்க. மற்றதை நீட்டி, "சாரிண்ணா. உங்களுக்குப் புடிச்ச பழம்" என்றேன்.

அவர் பழத்தை வாங்கி, நின்ற இடத்திலேயே நிதானமாகத் தின்றார். வலைக்குக் கீழே குனிந்து வந்த முருகண்ணன் அவர் கையிலிருந்த தோலை வாங்கிக்கொண்டு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "இனிமே எவனாவது கத்துனா நாங்க ஆட மாட்டோம். கப்பு அவங்களுக்கே."

அன்று பத்ரீஸ் ஆடிய ஆட்டம் இருக்கிறதே, எங்கள் பிளாக்கர்கள் கை தூக்குவதற்குள் பந்து மண்ணில் இருக்கும். நாங்கள் தோற்றோம். கடைசிப் பாயிண்டுக்கு முதலில் விசிலடித்தவள் நான், அடுத்து முருகண்ணன், பிறகு மைதானம் முழுவதும். "ஊரைத் தோக்கடிச்சவ" என்று சில பெரியவர்கள் பத்து நாள் என்னோடு பேசவில்லை. எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை, அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன். அடுத்த வருஷம் போட்டி நோட்டீசில் புதிதாக ஒரு வரி ஏறியது: நிறத்தையோ சாதியையோ சொல்லிக் கேலி செய்தால் எதிர் டீமுக்கு ஒரு பாயிண்ட்.

இன்று அத்தாவின் கடை இல்லை, மரப்பெட்டியும் இல்லை, மைதானத்தில் பாதி மனைகளாகிவிட்டது. மீதிப் பாதியில் போட்டி நடக்கிறது. மைக் என் கையில். போன மாசியில் புதிதாகக் குடிவந்த பையன் ஒருவன் ஓர் ஆட்டக்காரரின் நிறத்தைச் சொல்லி வாயெடுத்தான். நான் மைக்கைத் தூக்குவதற்குள் எங்கள் ஊர் வாண்டுகள் அவன்மேல் பாய்ந்தன: "டேய், இன்னா பேசற? ஒரு பாயிண்டு பூடும்டா." பாயிண்டுக்குப் பயந்தோ மனசறிந்தோ, அந்த "ஊ" எங்கள் மைதானத்தில் செத்துப்போய்விட்டது. பழசெல்லாம் போயிற்றே என்று ஏங்குகிறவர்கள் ஏங்கட்டும். அந்தக் கேலியைக் கொண்டுவந்தவள் நான், அது ஒழிந்ததை என் கண்ணால் பார்த்துவிட்டேன். அன்று மேட்ச் முடிந்ததும் இரண்டு பூவன்பழம் வாங்கி, மைதானத்தின் நடுவில் நின்று தின்றேன்.