துண்டைப் பறித்த வாசல்காரன்

ஹட்டனில் நான் இன்டர்நெட் சென்டர் நடத்திய நாட்களில் என்னிடம் நான்கு கம்பியூட்டர்களும் ஒரேயொரு டெலிபோன் லைனும் இருந்தன. வாடிக்கையாளருக்குத் தெரிந்ததைவிட எனக்கு ஒரு பக்கம் கூடுதலாகத் தெரியும். அந்தப் பக்கத்தையும் அன்று காலை கடை திறக்கும் முன்தான் படித்திருப்பேன்.

1. கறுப்பா, பிரவுனா?

தேயிலைத் தோட்டத்தில் கடிதம் வந்தால் காலைப் பெரட்டில், வேலைக்கு ஆள் பிரிக்கும்போது, எல்லோர் முன்னாலும் பெயர் கூப்பிட்டுக் கொடுப்பார்கள். யாருக்கு எங்கிருந்து கடிதம் என்பது, கூடையை மாட்டும் முன்பே எல்லா லயத்து வீடுகளுக்கும் தெரிந்துவிடும். அப்படி வளர்ந்தவன் நான். அதனால் மின்னஞ்சல் பக்கத்தில் ‘இந்தக் கம்பியூட்டரில் என்னை ஞாபகம் வைத்துக்கொள்’ என்ற பெட்டியைக் கண்டால், வாடிக்கையாளருக்குச் சிரமம் வேண்டாமென்று நானே டிக் போட்டுவிடுவேன். அதைச் சேவை என்று நினைத்தேன்.

ஒருநாள் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்து உப அதிபர் எழுந்துபோன நாற்காலியில் ஹார்ட்வெயார் முதலாளி வந்து உட்கார்ந்தார். உப அதிபரின் கடிதப் பெட்டி கேட்காமலே திறந்துகொண்டது. மறுநாள் உப அதிபர் குடையை நீட்டியபடி வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். கோபத்திலும் சொற்களை விழுங்கமாட்டார்.

“தம்பி, நான் கனடாவில இருக்கிற மகளுக்கு எழுதினது ஹார்ட்வெயார்க்காரனுக்கு எப்பிடித் தெரியும்? சனத்துக்கு நடுவில வைச்சுக் கேக்கிறான், ‘கறுப்பா, பிரவுனா சேர்?’ எண்டு!”

“எது சேர்?”

“தலைக்குப் பூசுற மை! இப்ப நீரும் கேட்டிட்டீர். சந்தோசமோ?”

2. முழுத்தடை

ஒரு சஞ்சிகையைப் புரட்டிக் குற்றவாளியைப் பிடித்தேன். இணையத்தளங்கள் நம் கம்பியூட்டரில் போட்டுவிட்டுப் போகும் சின்னக் குறிப்பாம். பெயர் குக்கி. செட்டிங்ஸில் பிரைவசி என்ற இடத்தில் மேலும் கீழும் இழுக்கிற ஒரு பிடி இருந்தது. ‘எல்லாக் குக்கிகளையும் தடு’ என்று வரும்வரை நான்கு கம்பியூட்டரிலும் அதை உச்சிக்கு இழுத்தேன். பாலம் திறந்த மந்திரியைப்போல் கையைத் தட்டிக்கொண்டேன்.

மறுநாள் மூன்றரை மணிக்கு ஸ்டெல்லா ஓடிவந்தாள். பொகவந்தலாவைப் பக்கத் தோட்டத்துப் பெண். அம்மா கொழுந்தெடுப்பவர். தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றும் தெரிந்தவள். கொழும்புக் கம்பனியொன்றில் மொழிபெயர்ப்பாளர் வேலைக்கு நேர்முகத் தேர்வு. வருவதாக நான்கு மணிக்குள் மின்னஞ்சலில் பதில் போடாவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிடுவார்களாம். வழியில் பஸ் டயர் வேறு காற்றுப் போய்விட்டது.

பெயரும் பாஸ்வேர்டும் அடித்தாள். பக்கம் ஒருகணம் யோசித்துவிட்டு, மறுபடி பெயரைக் கேட்டது. மறுபடி அடித்தாள். மறுபடி கேட்டது. மற்ற மூன்று கம்பியூட்டரும் அதையே செய்தன. நான் மெயின் சுவிட்சை அணைத்துப் போட்டேன். எனக்குத் தெரிந்த பெரிய வைத்தியம் அதுதான்.

“அண்ணே, நேத்து என்னா செஞ்சீங்க?”

“ஒண்ணுமில்லம்மா. குக்கிய எல்லாம் நிப்பாட்டினேன்.”

“அது என்னா செய்யும்?”

படித்த பக்கத்தை அப்படியே ஒப்பித்தேன். கேட்டவள் தலையில் கைவைத்தாள்.

“அண்ணே, அது துண்டுண்ணே! தோட்டத்துல சொகமில்லன்னா ஆபிஸ்ல துண்டு எழுதிக் குடுப்பாங்கள்ல? அதக் காட்டுனாத்தான டிஸ்பென்சரில மருந்து? அவங்க குடுக்குற துண்ட நீங்க வாசல்லயே புடுங்கிட்டா, உள்ள இருக்கிறவருக்கு நான் யாருன்னு எப்படித் தெரியும்? திருப்பித் திருப்பி ஆபிஸுக்குத்தான் வெரட்டுவாரு!”

பிடியைக் கீழே இறக்கினேன். பெட்டி திறந்தது. பதில் போனபோது சுவர்க் கடிகாரத்தில் நான்கடிக்க இரண்டு நிமிடம். இருவரும் கைதட்டினோம். என் வாடிக்கையாளர்களிடம் நான் கைதட்டல் வாங்கியதில்லை. அன்றும் அது எனக்கில்லை.

பிறகு இருவருமாக ஒழுங்கு செய்தோம். போன தளம் தரும் துண்டு உள்ளே வரலாம். அந்தப் பக்கத்தில் விளம்பரத்தோடு ஒட்டிக்கொண்டு வரும் மூன்றாம் ஆளின் துண்டுக்குத் தடை. எழுந்து போகும்போது லொக் அவுட் செய்து, எல்லாவற்றையும் அழிக்க வேண்டும். உப அதிபர் அதன்பின் இரண்டு தடவை அழிப்பார்.

3. இரண்டு டொபி

மூன்று வாரம் கழித்து ஸ்டெல்லா வந்தாள். பெட்டியைத் திறந்து வாசித்தாள்; குக்கி, ஹிஸ்டரி எல்லாம் துடைத்தாள். “வாறேண்ணே” என்று போய்விட்டாள். முகத்தில் ஒன்றுமில்லை. வேலை கிடைத்ததா? வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஹிஸ்டரியைத் திறந்து பார்த்தேன். கழுவிய கோப்பைபோல் இருந்தது. என் கடையில் பிரைவசி ஒழுங்காக வேலை செய்த முதல் நாள் அது, மாட்டிக்கொண்டவன் நான்.

மறுநாள் காலை பொகவந்தலாவை பஸ் கண்டக்டர் படியேறி வந்தார்.

“அண்ணே, நம்ம ஸ்டெல்லாவுக்கு வேல கெடச்சிருச்சு! பஸ்ஸு பூரா டொபி மிட்டாய் குடுத்துச்சு. ஒங்களுக்கு ரெண்டு. ஆனா சும்மா குடுக்கக்கூடாதாம்.”

ஒரு பஸ் டிக்கட்டை நீட்டினார். பின்பக்கம் ஸ்டெல்லாவின் எழுத்து: ‘இந்தத் துண்டைக் காட்டுபவருக்கு இரண்டு டொபி கொடுக்கவும்.’

நான் துண்டைக் காட்டினேன். அவர் டொபியைக் கொடுத்தார்.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்வது இதுதான். ஐம்பது பேர் இருந்த பஸ்ஸில் சொன்னதும் அவள்தான், என் கம்பியூட்டரில் துடைத்ததும் அவள்தான். யாருக்கு, எப்போது சொல்வது என்பது கடிதத்துக்கு உரியவரின் பாடு. நம் வேலை அவர் எழுந்து போனதும் நாற்காலியை வெறும் நாற்காலியாக வைத்திருப்பது. டொபி தானாக வரும்.