அறுபதாம் நாள் திறந்த கிணறு

எங்கள் குடியிருப்பின் பின்புறம் ஒரு பழுப்புத் தொட்டி இருக்கிறது. காய்கறித் தோலையும் மீந்த சோற்றையும் அதில்தான் போட வேண்டும். ஜெர்மனிக்கு வந்து நாற்பது வருடமாகியும், போன மே மாதம் அதன் முன்னால் நின்று திட்டு வாங்கினேன். மக்கும் என்று அச்சிட்ட பையில் குப்பையைக் கட்டிப் போட்டிருந்தேன். கீழ்வீட்டு அம்மாள் ஃப்ராவ் கெல்லர் அதை ஒரு குச்சியால் வெளியே எடுத்து வைத்தார். பையில் எழுதியிருப்பதைக் காட்டினேன். "எழுதியிருக்கிறது. நம் ஊர் உரக்கிடங்கில் மக்காது" என்றார். வெளிநாட்டுக்காரன் என்பதால் குறை சொல்கிறார் என்று நினைத்து, இரண்டு நாள் அவரிடம் முகம் கொடுக்கவில்லை. மூன்றாம் நாள்தான் உறைத்தது. அவர் சொன்னது, ஊரிலிருக்கும் என் நண்பன் சகாயத்திடம் நான் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை.

ஒரு ரசாயனத்தை நுண்ணுயிர்கள் எத்தனை நாளில் சிதைக்கும் என்று கணிக்கும் நியூரல் நெட்வொர்க் என்ற கணினி நிரலைப் பழக்குவதுதான் ஓய்வுபெறும்வரை என் வேலை. பல நாட்டு ஆய்வக முடிவுகளை வரிவரியாக அதற்குக் கொடுத்தோம். பெரும்பாலானவை குளிர்நாட்டு மண்ணிலும் சாக்கடைச் சேற்றிலும் செய்த சோதனைகள். சில வரிகள் மட்டும் வெப்பநாட்டு உப்பங்கழிச் சேற்றைப் பற்றியவை. கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவே எடுத்த சேறும் அவற்றில் இருந்தது. மற்ற இடங்களில் சில வாரங்களில் சிதைந்த பொருள் அங்கே அப்படியே கிடந்தது. அந்த வரிகளைச் சேர்த்தால் கணிப்பில் பிழை கூடியது. முடிவை அறிவிக்க வேண்டிய மாநாடு நெருங்கிக்கொண்டிருந்தது. சோதனைக் கோளாறு என்று குறிப்பெழுதி நீக்கிவிட்டேன். அந்தக் கழியில் நீந்தி வளர்ந்தவன் நான். கோளாறு இல்லை என்று எனக்குத் தெரியும்.

சகாயம் செங்கல்பட்டில் என்னோடு படித்தவன். அவன் அப்பா பிறர் வயலில் கூலிக்குப் போனவர். அவன் தபால் வேலையிலிருந்து ஓய்வுபெற்று, திருப்போரூருக்குக் கிழக்கே கழியோரம் வீடு கட்டினான். போன மழையில் பக்கத்துக் கிடங்கில் இருந்த பீப்பாய்களிலிருந்து இயந்திரம் கழுவும் திரவம் கசிந்து அவன் கிணற்றில் இறங்கியது. எப்போது தண்ணீரைப் புழங்கலாம் என்று பொங்கலுக்கு முன் போனில் கேட்டான். பீப்பாயில் இருந்த பெயரை என்னிடமிருந்த நெட்வொர்க்கில் போட்டேன். அறுபது நாள் என்றது. அதையே சொன்னேன். நீக்கிய வரிகளைப் பற்றிச் சொல்லவில்லை. அவன் என்னைப் பற்றி ஊரில் பெருமையாகப் பேசிக்கொண்டிருந்தான். வெளியே இருந்துகொண்டு ஊருக்கு யோசனை சொல்லும் நாம், நம் வார்த்தை அங்கே எவ்வளவு கனமாக இறங்குகிறது என்று நினைப்பதில்லை.

தொட்டி விஷயம் உறைத்த அன்றே அவனோடு பேசினேன். அவன் மனைவி ரோஸிக்குக் கையெல்லாம் தோல் உரிகிறதாம். டாக்டர் சோப்பை மாற்றச் சொன்னாராம். அந்தத் தண்ணீரைத் தொட வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டு டிக்கெட் எடுத்தேன்.

அவர்கள் வீட்டில் உட்கார்ந்து ஒன்று விடாமல் சொன்னேன். சகாயம் எழுந்துபோய் மாதா கோயில் காலண்டரை எடுத்து வந்தான். பொங்கலுக்கு முன்னிருந்து அறுபது கட்டங்களில் சிவப்புக் கோடு.

"டெய்லி கோடு போட்டுகினு வந்தேன்டா. இவ வேணான்னா. ஜெர்மனில கீறவனே சொல்ட்டான், உனக்கு இன்னா தெரியும்னு கேட்டுட்டு நான்தான் மூடியத் தொறந்தேன்."

ரோஸி மருந்து தடவிய கைகளை மடியில் மல்லாத்தி வைத்திருந்தாள். என்னைப் பார்க்கவில்லை.

"நம்மூரு தண்ணியக் கணக்குலேந்து அடிச்சிட்டு, நம்மூருக்கே கணக்கு சொன்னியா?" என்றான் சகாயம். காலண்டரைப் புரட்டியபடி அவனே கேட்டான்: "சரி, இப்ப எத்தினி நாளு?"

"தெரியாதுடா" என்றேன். வெளிநாடு போன பிறகு அவனிடம் நான் ஒருமுறையும் சொல்லாத சொல். கிழவர்கள் இருவரும் மூடியைப் போட்டு அதன்மேல் கல்லைத் தூக்கி வைத்தோம்.

திரும்பி வந்ததும் என் பழைய பிரிவுக்கு எழுதினேன். நீக்கிய வரிகளைச் சேர்த்துவிட்டார்கள். இப்போது அதே பொருளுக்கு உப்பங்கழி என்று கொடுத்தால், சில மாதம் முதல் பல வருடம் வரை ஆகலாம் என்கிறது. காலண்டரைக் கேட்டு வாங்கி வந்திருந்தேன். சமையலறைச் சுவரில் மாட்டி, கிணறு மூடிக் கிடக்கும் நாட்களுக்கு நான் கோடு போட்டு வருகிறேன். இரவுச் சாப்பாடு முடிந்து பேனாவை எடுக்கும்போது ஊரில் மறுநாள் பிறந்திருக்கும். இங்கே இன்னும் இன்றுதான். எந்தக் கட்டத்தில் போடுவது என்று தெரியாமல் நிற்கிறேன்.