ஜோ திரும்பிப் பார்க்காத கோடை

பழைய பெட்டி டிவியை அணைத்த கையோடு அதன் கண்ணாடியில் புறங்கையை வைத்தால் கையிலிருக்கும் பூனைமயிரெல்லாம் சிலிர்த்து எழும்பும், சடசடவென்று மெல்லிய ஓசை கேட்கும், சூடேறிய தூசியின் மணம் மூக்கில் ஏறும். என் தம்பி ஜோ அந்தக் கண்ணாடிக்கு அவ்வளவு அருகில் உட்கார்ந்திருப்பான், அவன் முன்நெற்றி முடியில் இரண்டு மூன்று இழைகள் எப்போதும் டிவியைப் பார்த்தே நீண்டிருக்கும். "தள்ளி உக்காருடா, கண்ணு கெட்டுப்போகும்" என்று வருகிறவர் போகிறவரெல்லாம் சொல்வார்கள். கண்ணைப் பற்றித்தான் எல்லோருக்கும் கவலை. வேறொன்றைப் பற்றிக் கவலைப்பட வேண்டும் என்று எங்களில் யாருக்கும் அப்போது தோன்றவில்லை.

ஆவடியில் ராணுவத் தொழிற்சாலைக் குடியிருப்பில் மாடிவீடு எங்களுடையது. அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர். ஜோவுக்கு ஒரு வயது முடிந்ததும் அம்மா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு துணி ஏற்றுமதி கம்பெனிக்குப் போகத் தொடங்கினாள். நான் பள்ளிக்கூடம் போய்விடுவேன். அதனால் ஜோ பகல் முழுவதும் கீழ்வீட்டு ஸ்டெல்லா அக்காவிடம் இருந்தான். ராயபுரத்தில் பிறந்து வளர்ந்த அக்காவுக்குப் பிள்ளைகள் இல்லை. வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்த அவர் ஜோவை மடியில் போட்டுச் சோறூட்டுவார், அன்புக்குக் குறைவே கிடையாது. ஆனால் மிஷின் ஓடுகிற வீட்டில் கத்தரியும் ஊசியும் கிடக்கும். தவழ்ந்து வருகிற பிள்ளையை அவற்றிடமிருந்து காப்பாற்ற அக்கா கண்டுபிடித்த வழி, காலையில் டிவியைப் போட்டு ஜோவை அதன் முன்னால் உட்காரவைப்பதுதான். "டிவி போட்டா போதும்க்கா, ஆடாம அசையாம குந்திகினு கீறான்" என்று அம்மாவிடம் பெருமையாகச் சொல்வார். அம்மாவும் நிம்மதியாக பஸ் ஏறுவாள். சாயங்காலம் அவன் எங்கள் வீட்டுக்கு வந்தால், வந்ததும் எங்கள் டிவி.

அவனைக் கெட்டிக்காரன் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். எந்த விளம்பரத்தின் இசை எங்கே கேட்டாலும் அடுத்து வரும் வரியை "ம்ம்ம்" என்று ராகம் பிசகாமல் முனகுவான். அப்பா தன்னோடு வேலை செய்கிறவர்களை அழைத்து வந்து அதைப் பாடவைத்துக் காட்டுவார். மூன்று வயது நெருங்கியும் பேச்சு வராதது யாருக்கும் பெரிதாகப் படவில்லை. ஆண்பிள்ளைகளுக்குப் பேச்சு தாமதமாகத்தான் வரும், அவன் சித்தப்பனும் அப்படித்தான் என்று ஊரிலிருந்து வந்தவர்கள் சொல்லிவிட்டுப் போனார்கள். அவன் அம்மாவைக்கூட அம்மா என்று கூப்பிட்டதில்லை. பசித்தால் கையைப் பிடித்து இழுத்துப் போவான், அவ்வளவுதான்.

நான் ஐந்தாம் வகுப்பு முடித்திருந்த கோடை விடுமுறையின் தொடக்கத்தில், ஒரு சனிக்கிழமை சாயங்காலம், தண்ணி லாரி வந்தது. எங்கள் சந்து குறுகலானது, லாரி பின்பக்கமாகத்தான் உள்ளே வர வேண்டும். குடங்களோடு பெண்கள் ஓரமாக நின்றார்கள். கிளீனர் லாரியின் பக்கவாட்டில் தட்டித் தட்டி "வா, வா, வா" என்று கத்திக்கொண்டிருந்தான். அம்மா குடத்தோடு என் பக்கத்தில் நின்றிருந்தாள். திடீரென்று அவள் குடம் கீழே விழுந்து உருண்டது. திரும்பிப் பார்த்தால், லாரி வருகிற பாதையின் நடுவில் ஜோ நிற்கிறான். மூலைவீட்டு ஜன்னல் வழியாகத் தெரிந்த டிவியில் அவன் கண் நிலைகுத்தியிருந்தது.

"ஜோ! ஜோ!" என்று அம்மா கத்தினாள். நானும் கத்தினேன். பெண்கள் அத்தனை பேரும் கத்தினார்கள். லாரி கிளீனரின் தட்டலைத்தான் கேட்டது, எங்களைக் கேட்கவில்லை. ஜோவும் கேட்கவில்லை. எத்தனையோ பேர் தன் பெயரைச் சொல்லி அலறுகிறபோது ஒரு பிள்ளை தோளைக்கூட அசைக்காமல் நிற்பதை நான் அன்றுதான் பார்த்தேன். ஸ்டெல்லா அக்கா எங்கிருந்து வந்தார் என்று தெரியாது. புடவையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு ஓடி, ஜோவை இடுப்போடு அள்ளி எதிர்ச்சுவரில் போய் மோதி விழுந்தார். அவன் நின்ற இடத்தின் மேல் பின்சக்கரம் ஏறி நின்றது.

அக்காவின் முழங்கை கிழிந்து ரத்தம் ஒழுகியது. அவர் அதைப் பார்க்கவேயில்லை. ஜோ அவர் தோளுக்கு மேலாகக் கழுத்தை நீட்டி இன்னமும் ஜன்னலையே தேடிக்கொண்டிருந்தான்.

"இத்தினி பேர் கூவுறோம், புள்ள திரும்பவே இல்லியேக்கா" என்றார் அக்கா, மூச்சு வாங்கிக்கொண்டு. "இதுக்குக் காது கேக்குதா, இல்லியா?"

அதுவரை யாரும் வாய்விட்டுச் சொல்லாத கேள்வி அது. அப்பா வேலை முடிந்து வந்ததும் அம்மா எல்லாவற்றையும் சொன்னாள். அப்பா அடுப்படிக்குப் போய் ஒரு எவர்சில்வர் தட்டை எடுத்து வந்தார். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த ஜோவின் முதுகுக்குப் பின்னால் அதைத் தரையில் போட்டார். நான் துள்ளிவிட்டேன். ஜோ துள்ளவில்லை. அப்பா கை தட்டினார், பெயர் சொல்லிக் கூப்பிட்டார், குனிந்து "எய்யா... எய்யா ஜோ..." என்று கெஞ்சினார். அவர் அப்படிக் கெஞ்சி நான் கேட்டதில்லை. அந்த நேரம் பக்கத்து வீட்டில் ஏதோ ஒரு விளம்பரத்தின் இசை மெதுவாகக் கேட்டது. ஜோ சட்டென்று தலையைத் திருப்பினான்.

அப்பாவும் அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். காது கேட்கிறது என்று சந்தோஷப்பட வேண்டிய அந்த நிமிடத்தில் அம்மா அழத் தொடங்கினாள்.

ஆஸ்பத்திரியில் ஒரு கண்ணாடி அறைக்குள் ஜோவை உட்காரவைத்துச் சோதித்தார்கள். வெளியே பெஞ்சில் அம்மா ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தாள், அப்பா நின்றுகொண்டே இருந்தார். காது பழுதில்லை என்று டாக்டரம்மா சொன்னார். பிறகு, "பகல்ல இவன்கிட்ட யாரு பேசுறா?" என்று கேட்டார். அம்மா அப்பாவைப் பார்த்தாள். "டிவி எவ்வளவு நேரம் ஓடும்?" "காலையிலேர்ந்து ராத்திரி வரைக்கும்" என்றாள் அம்மா.

"டிவி பேசிட்டே போகும், இவன் பதிலுக்காகக் காத்திருக்காது" என்றார் அவர். "இவன் ஒரு சத்தம் போட்டா எதிர்ல ஒரு முகம் மாறணும். அப்பத்தான் பேசணும்னு இவனுக்குத் தோணும். அதுதான் காரணம்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன், வேற காரணமும் இருக்கலாம். முதல்ல டிவிய நிறுத்துங்க. லீவு முடிஞ்சதும் கூட்டிட்டு வாங்க. மாற்றம் இல்லன்னா வேற சோதனையெல்லாம் பார்க்கணும்."

அந்த "வேற சோதனை" என்ற சொல் கோடை முழுவதும் எங்கள் வீட்டுக்குள் ஒரு ஆள் போல நடமாடியது.

அன்றைக்கே அப்பா கேபிள் ஒயரைப் பிடுங்கிச் சுருட்டிப் பரணில் போட்டார். ஸ்டெல்லா அக்காவிடம் எப்படிச் சொல்வது என்று அம்மாவுக்குத் தெரியவில்லை. உயிரைக் காப்பாற்றியவரிடம் போய், உன்னால்தான் என்று சொல்வதா? தயங்கித் தயங்கி டாக்டர் சொன்னதை மட்டும் சொன்னாள். அக்காவின் முகம் சுண்டிப்போனது. "நா இன்னா பண்ணிட்டேன்? அடிச்சேனா, பட்டினி போட்டேனா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். நாங்கள் படியேறி வந்துவிட்டோம். மறுநாள் காலை அக்கா தானே மேலே வந்தார். "டிவி மேல துணியப் போட்டு மூடிட்டேன். எங்கூட்டுக்காரரு கிரிக்கெட்டு பாக்கணும்னா டீக்கடைக்குப் போவட்டும். புள்ளையக் குடு" என்று கையை நீட்டினார்.

முதல் நாட்கள் அழுகையிலேயே போயின. ஜோ மூடியிருந்த டிவியின் முன்னால் நின்று கத்தினான். துணியை இழுத்தான், அக்காவின் கையைக் கடித்தான், தரையில் தலையை மோதினான். அவன் தலைக்கும் தரைக்கும் நடுவில் என் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருப்பேன். பிள்ளையைக் கொல்லுகிறார்கள் என்று பக்கத்து பிளாக்கில் பேசிக்கொண்டார்கள். அழுகை ஓய்ந்த பிறகு வந்த அமைதி அதைவிட மோசம். பொம்மையைக் கொடுத்தால் கையில் வாங்கிய கணமே நழுவவிடுவான். எதிலும் அவன் கண் நிற்கவில்லை. அடுத்தது தானாக வந்துவிடும் என்று காத்திருக்கிறவனைப் போல வெறுமனே பார்த்துக்கொண்டிருப்பான். பள்ளி திறக்கும் தேதியை நினைத்தாலே எனக்குப் பயமாக இருந்தது.

அக்கா மிஷினை நிறுத்திவிட்டுத் தரையில் உட்கார்ந்து பட்டன் டப்பாவைக் கவிழ்த்தார். ஒவ்வொரு பட்டனாக எடுத்து, "இது செவப்பு. இன்னா கலரு? செவப்பு" என்று அவன் முகத்தைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருப்பார். வாயில் போட்டுக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வது என் வேலை. ஒருநாள் ஜோ ஒரு பட்டனை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். உடனே கீழே போடவில்லை. அதன் ஓட்டைகளுக்குள் விரல்நகத்தை விட்டு விட்டுப் பார்த்தான். அக்கா பேச்சை நிறுத்தி என் கையை இறுக்கிப் பிடித்தார். பிறகு அவன் அந்தப் பட்டனை நீட்டி, முதல்முறையாக, அக்காவின் முகத்தைப் பார்த்தான்.

விடுமுறை முடிய இன்னும் சில நாட்களே இருந்தன. ஞாயிற்றுக்கிழமை, மாதா கோவிலுக்குப் போய் வந்து அப்பா சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஜோ வாசல்படியில் எறும்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். பழக்கத்தில், எந்த நம்பிக்கையும் இல்லாமல்தான், அப்பா "ஜோ" என்று கூப்பிட்டார்.

ஜோ திரும்பினான். "இன்னா?" என்றான்.

எங்கள் வாயில் ஸ்டெல்லா அக்காவின் சென்னைப் பேச்சிலிருந்து ஒரு "கீது", ஒரு "ஊடு" வந்தாலே அப்பாவுக்குக் கோபம் வரும், "ஒழுங்காப் பேசுங்க, இது என்ன பேச்சு" என்பார். அவர் பாதி கழற்றிய சட்டையோடு வாசலுக்குப் போய் மண்டியிட்டு உட்கார்ந்தார். "என்னல சொன்ன? இன்னொரு தடவ சொல்லு" என்றார்.

"இன்னா?"

"ஏட்டி, கேட்டியா! என்னன்னு கேக்கான்ல!" என்று அப்பா அம்மாவைப் பார்த்துக் கத்தினார். அம்மா மாடிப்படியில் ஓடி, "ஸ்டெல்லா! ஸ்டெல்லா!" என்று கூவிக்கொண்டே இறங்கினாள்.

டாக்டரம்மா இரண்டாம் முறை பார்த்துவிட்டு, வேறு சோதனை இப்போது வேண்டாம் என்றார். அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான். ஆனால் ஜோ ஒரு வருஷம் பிந்தித்தான் பள்ளியில் சேர்ந்தான். மூன்றாம் வகுப்புவரைக்கும் ஒரு பக்கத்தை முழுதாகப் படித்து முடிப்பதற்குள் எழுந்துவிடுவான். பேச்சு எப்படியும் வந்திருக்குமோ, டிவியை நிறுத்தியதால்தான் வந்ததோ, எங்களுக்கு இன்றுவரை தெரியாது. "நான் வேலைக்குப் போகாம இருந்திருந்தா" என்று அம்மா இன்றும் சில சமயம் தொடங்குவாள். ஜோ அவளை முடிக்க விடுவதில்லை. "நான் நல்லாத்தானம்மா இருக்கேன்" என்பான். நன்றாகத்தான் இருக்கிறான். பூந்தமல்லியில் ஏசி மெக்கானிக் கடை வைத்திருக்கிறான். ஸ்டெல்லா அக்கா சென்னீர்குப்பத்துக்குக் குடிபோய்விட்டார், கிறிஸ்துமஸ் சட்டை அவனுக்கு அங்கிருந்துதான் வருகிறது.

எங்கள் பிளாக்கை இடித்துவிட்டார்கள். நான் கள்ளிக்குப்பத்தில் அடுக்குமாடி ஒன்றில் இருக்கிறேன். அந்தக் காலத்தில் எந்த வீட்டில் டிவி ஓடுகிறது என்பது சந்து முழுக்கக் கேட்கும். சத்தம் தாங்காமல் யாராவது ஒருவர் "நிறுத்துங்கப்பா" என்று குரல் கொடுப்பார்கள். அந்தச் சத்தம் இப்போது இல்லை. எதிர்வீட்டுக் கதவு திறக்கும்போதெல்லாம் ஒரு சின்னக் குழந்தையின் முகத்தில் போன் வெளிச்சம் மாறி மாறி விழுவது தெரியும். அதன் அம்மா வீட்டிலிருந்தே வேலை செய்கிற பெண், காதில் ஹெட்போன் மாட்டியபடி யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டிருப்பாள். குழந்தையிடமிருந்து ஒரு ஒலியும் வராது.

பல நாள் யோசித்தேன். அறிவுரை சொல்லப் போகிறேன் என்று நினைத்துவிடுவாளோ என்று கூச்சமாக இருந்தது. போன வாரம் கதவைத் தட்டினேன்.

"உங்களுக்கு மீட்டிங் இருக்கும்போது பாப்பாவ எங்க வீட்டுல விடுறீங்களா? நான் சும்மாதான் இருக்கேன்."

அவள் என்னையே பார்த்தாள். கண் கலங்கிவிட்டது. "போன் இல்லன்னா அவ ரொம்ப அழுவாக்கா" என்றாள்.

"அழட்டும்" என்றேன், கையை நீட்டி.