சம்பல் தின்ற பலோமா

சென்ற கிழமை முழங்கால் நோவுக்கென்று வைத்தியர் ஒரு பூச்சு மருந்து எழுதித் தந்தார். தடவியதுதான் தாமதம், கால் தீப்பிடித்ததுபோல எரிந்தது. கண்ணாடியைத் தேடி எடுத்து, குழாயின் பின்பக்கத்தை வாசித்தேன். மிளகாயின் உறைப்பிலிருந்து எடுத்த கப்சைசினாம். தடவியபின் கையைக் கழுவும்படி இரண்டு இடத்தில் எழுதியிருந்தது. மிளகாய்த் தூளோடு வளர்ந்தவளுக்கு இதை ஒரு மருந்துக் குழாய் சொல்லித்தர வேண்டியிருக்கிறது! ஆனால் அந்தப் பெயரைக் கண்டதும் குழாயை மூடித் தூர வைத்துவிட்டேன். எனக்கும் கப்சைசினுக்கும் ஒரு பழைய வழக்கு உண்டு. அதில் ஒரு குதிரையும் மெக்சிக்கோ நாடும் சம்பந்தப்பட்டிருக்கின்றன.

எங்கள் நாட்டில் போர் முடிந்த வருடம் அது. கிரின்ஸ்டெட் என்ற டெனிஷ் ஊரில் நான் வேலை செய்த தொழிற்சாலை ஆட்களைக் குறைத்தபோது முதலில் குறைந்தவர்களில் நானும் ஒருத்தி. வேலை தேடித் தரும் அலுவலகத்தில் “மிருகங்கள் பிடிக்குமா?” என்று கேட்டார்கள். டெனிஷில் என்ன கேட்டாலும் “யா” என்று சொல்லிவிடுவது அப்போது என் வழக்கம். அந்த ஒரு “யா”வினால் ஊருக்கு வெளியே ஒரு குதிரைப் பண்ணையில் போய் நின்றேன். சாணி அள்ளுவது, வைக்கோல் பரப்புவது, குதிரைகளைத் தேய்த்துவிடுவது. விசாரித்த தமிழ்ச்சனத்திடம் “ஸ்போர்ட்ஸ் பக்கம் வேலை” என்று சொல்லிவைத்தேன். அது பொய்யும் இல்லை. பின்னேரம் என்னைக் கூட்டிப்போக வரும் என் கணவர் மட்டும் காரின் நான்கு கண்ணாடிகளையும் இறக்கிவிட்டு, “இஞ்சேரும், உம்மட ஸ்போர்ட்ஸ் இண்டைக்குக் கொஞ்சம் கூட மணக்குது” என்பார்.

மரிசோலை அங்கேதான் கண்டேன். மெக்சிக்கோக்காரி. தடை தாண்டும் குதிரைப் போட்டிகளில் தன் நாட்டுக்காகப் போட்டியிடுகிறவள். பெரிய போட்டிகள் ஐரோப்பாவில்தான் என்பதால் பலோமா என்ற தன் பெண்குதிரையோடு வந்து பண்ணையில் தங்கியிருந்தாள். பலோமா வந்தது விமானத்தில். அதற்குக் கடவுச்சீட்டுகூட இருந்தது. மரிசோல் அதை எடுத்துக் காட்டியபோது கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தேன். இந்த நாட்டுக்கு வந்துசேர எனக்கு ஒன்றரை வருடம் பிடித்தது. வழியில் என்னிடம் இருந்த கடவுச்சீட்டுகளில் ஒன்றிலாவது என் முகம் இருந்ததில்லை. பலோமாவின் கடவுச்சீட்டிலோ அதன் நெற்றி வெள்ளையும் உடம்புச் சுழிகளும் வரைந்தே இருந்தன.

எங்கள் இருவருக்கும் பொதுமொழி ஓட்டை டெனிஷ். ஆனால் எங்களை உண்மையில் சேர்த்துவைத்தது பசி. பண்ணைக்காரர் நீல்ஸ் மதியத்தில் தரும் ஈரல் பூசிய கறுத்தப் பாணைச் சாப்பிட்டுவிட்டு இருவரும் சோகமாக ஒருவரையொருவர் பார்ப்போம். ஒருநாள் என் சாப்பாட்டுப் பெட்டியிலிருந்த, செத்தல் மிளகாயும் தேங்காயும் சேர்த்து இடித்த இடிசம்பலை ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்தவள், கண்ணை மூடிக்கொண்டு “அம்மா” என்றாள். ஸ்பானிய மொழியில்தான் சொன்னாள். எனக்கு விளங்கிவிட்டது. அதன்பிறகு சேணங்கள் வைக்கும் அறையில் ஒளித்திருந்து சம்பலும் பாணும் சாப்பிடுவது எங்கள் வழக்கமாயிற்று. நீல்ஸ் அந்த அறைக்கதவில் ஒரு நீண்ட பட்டியல் ஒட்டியிருந்தார். குதிரைகளுக்குத் தடை செய்த பொருட்களாம். நான் அதன்மேல்தான் என் கோட்டை மாட்டுவேன்.

இனி அந்த மே மாதத்துக்கு வருகிறேன். போர் நடந்த வன்னியில் இருந்த என் அக்காவிடமிருந்து மூன்று மாதமாக ஒரு சொல் இல்லை. வீட்டில் தொலைக்காட்சியை யாரும் நிறுத்துவதில்லை. நான் வேலைக்குப் போனதே குதிரைகள் செய்தி பார்ப்பதில்லை என்பதற்காகத்தான். மரிசோலுக்கு அந்தக் கிழமை முடிவில் பெரிய போட்டி. அதில் நல்ல இடம் கிடைத்தால்தான் மெக்சிக்கோ அணியில் சேர்ப்பார்கள். இரண்டு வருடப் பாடு.

வியாழக்கிழமை மதியம் பலோமாவின் கொட்டில் வாசலில் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கிறேன், தொலைபேசி அடிக்கிறது. தெரியாத இலக்கம்.

“தங்கச்சி, நான்தான். வவுனியா முகாமில நிக்கிறம். பிள்ளையளும் என்னோடதான். ஆரிட்டையோ போன் வாங்கிக் கதைக்கிறன், வைக்கிறன்.”

அவ்வளவுதான். சத்தம் சரியாகக் கேட்கட்டும் என்று வெளியே ஓடியவள், அழுதுகொண்டே உள்ளே ஓடிவந்தேன். எதிரே மரிசோல். டெனிஷில் எனக்கு வந்தது இரண்டே சொற்கள்: “ஹுன் லேவர்!” அவள் உயிரோடு இருக்கிறாள்.

டெனிஷில் அக்காவும் “ஹுன்”தான், பெண்குதிரையும் “ஹுன்”தான். மரிசோல் திரும்பிப் பார்க்கிறாள்: பலோமா மேலுதட்டைச் சுருட்டி, பல்லெல்லாம் தெரிய, வாயால் நீர் வடிய நிற்கிறது. அவள் அலறிக்கொண்டு போய் அதன் கழுத்தைக் கட்டிப்பிடித்தாள். என் அக்காவுக்காக இவள் இப்படி அழுகிறாளே என்று நான் போய் அவளைக் கட்டிப்பிடித்தேன். கொஞ்ச நேரம் மூவரும் அப்படியே நின்றோம். அப்போதுதான் பலோமாவின் காலடியில் என் பெட்டியைக் கண்டேன். இரண்டு துண்டுப் பாணும் அதற்குள் வைத்த சம்பலும் இல்லை.

நான் சிரித்தேன். மரிசோல் சிரிக்கவில்லை. முகம் வெளுத்துப்போய், என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பட்டியலுக்கு முன்னால் போனாள். என் கோட்டைத் தூக்கி, ஒரு சொல்லில் விரலை வைத்தாள். கப்சைசின். சிலர் அதைக் குதிரையின் காலில் பூசுவார்களாம். தோல் எரியும்போது கட்டையில் இடிக்கப் பயந்து குதிரை உயரமாகத் தாண்டுமாம். வயிற்றுக்குள் போனாலும் பரிசோதனையில் காட்டும். பிடிபட்டால் அவளுக்குத் தடை. சம்பல் சாப்பிட்ட கையால்தான் தினமும் பலோமாவின் காலைத் தேய்த்தேன் என்பது அப்போது என் நினைவுக்கு வந்தது. கையை மெல்ல முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன்.

“யாருக்கும் தெரியாது,” என்றேன் மெதுவாக. “பெட்டியைக் கழுவிவிடுகிறேன்.”

மரிசோல் கவிழ்த்து வைத்த ஒரு வாளியின்மேல் உட்கார்ந்தாள். “எனக்குத் தெரியும்” என்றாள். எழுந்து நீல்ஸைக் கூப்பிடப் போனாள். போகிறபோது வாசலில் இருந்த இன்னொரு வாளியை ஓங்கி உதைத்தாள். தண்ணீர் நிறைந்த வாளி. பெருவிரல் வீங்கிவிட்டது.

வந்த மிருக வைத்தியர் நல்ல மனுசி. நான் கொடுத்து மரிசோலிடம் மிச்சமிருந்த சம்பல் போத்தலை வாங்கி மணந்து பார்த்தார். ஆராய்ச்சி மனப்பான்மையோடு கரண்டியில் அள்ளி வாயிலும் போட்டார். அடுத்த நிமிடம் பலோமாவுக்கு வைத்த தண்ணீரில் அவர் தலை இருந்தது. நிமிர்ந்ததும், “குதிரை ஓடக்கூடாது” என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்தார்.

மரிசோல் இரண்டு நாள் என்னுடன் பேசவில்லை. அதற்கிடையில் அழைப்பு எங்கிருந்து வந்ததென்று, என்னிடம் கேட்டறிந்த நீல்ஸ் அவளுக்குச் சொல்லியிருக்கவேண்டும். போட்டி நடந்துகொண்டிருந்த ஞாயிற்றுக்கிழமை நொண்டிக்கொண்டு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். ஊர்ச் செய்திக்காகக் கூடியிருந்த தமிழ்ச்சனம் வீடு நிறைய. யாரும் சரியாகச் சாப்பிட்டு நாளாகியிருந்தது.

“இது ஆர்?” என்று கேட்டவர்களுக்கு என் கணவர், “மெக்சிக்கோவுக்குக் குதிரை ஓடுற பிள்ளை. எங்கட சம்பலாலதான் இண்டைக்கு வீட்டில இருக்குது” என்றார். பல கிழமைகளுக்குப் பிறகு அந்த அறையில் சிரிப்புக் கேட்டது. மரிசோல் புட்டும் இறைச்சிக்கறியும் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டாள். என்னிடம் கேட்டது ஒன்றுதான்: “அக்காவுக்கு எத்தனை பிள்ளைகள்?”

மூன்று கிழமை கழித்து வேறொரு ஊர்ப் போட்டியில் பலோமா ஓடியது. என்னையும் கூட்டிப்போனார்கள், கையுறை போட்டு. கலியாண வீட்டுப் பாண்ட் வாத்தியக்காரன்போல வெள்ளைக் கையோடு வேலியோரம் நின்றேன். பலோமா உயரமான தடைக்கு வந்தபோது என்னை மறந்து, “தூக்கடி ராசாத்தி, காலைத் தூக்கு!” என்று கத்திவிட்டேன். பக்கத்தில் நின்ற டெனிஷ்காரர் தொப்பியைத் தூக்கி, “உங்கள் ஸ்பானிய மொழி மிக அழகு” என்றார். நான் “யா” என்றேன். கடைசித் தடையில் ஒரு கட்டை விழுந்து ஐந்தாம் இடம் கிடைத்தது. மரிசோலை அணியில் மேலதிக ஆளாகச் சேர்த்துக்கொண்டார்கள்.

அடுத்த வருடம் மரிசோல் ஊருக்குப் போனாள். கொஞ்சக்காலம் வாழ்த்துமடல் வந்தது, பிறகு நின்றது. நீல்ஸ் இறந்துபோனார். பண்ணை இருந்த இடத்தில் இப்போது சாம்பல் நிறத்தில் பெரிய களஞ்சியம். லொறிகள் பின்னோக்கி வரும் சத்தம் நாள் முழுக்கக் கேட்கும். அக்கா வவுனியாவிலேயே வீடு கட்டிவிட்டாள். அந்த மூன்று மாதத்தைப்பற்றி அவளும் சொல்வதில்லை, நானும் கேட்பதில்லை. எனக்கு இன்னும் நம்பமுடியாமல் இருப்பது வேறொன்று. ஐந்நூறு கிலோ குதிரையின் வயிற்றுக்குக் கீழே குனிந்து, பாட்டு முணுமுணுத்துக்கொண்டு அடுத்த பக்கம் போகிற ஒருத்தியாக நான் இருந்திருக்கிறேன். இப்போது பக்கத்து வீட்டுச் சின்ன நாய் குரைத்தாலே வீதியின் மற்றக் கரைக்கு மாறிவிடுகிறேன்.