கண்டக்டரின் ஊசிக் கணக்கு

கண்டக்டர் வேலையில் பஸ் நேரத்துக்குக் கிளம்ப வேண்டும்; இன்சுலின் போட்டுக்கொள்கிற கண்டக்டருக்குச் சாப்பாடும் நேரத்துக்கு வர வேண்டும். இரண்டும் சேர்ந்து வந்த நாள் எனக்கு ஞாபகமில்லை. மீசை முளைக்கிற வயசிலேயே சர்க்கரை வியாதி வந்து, தினமும் ஊசி போட்டுக்கொண்டே திருவள்ளூர்–கும்மிடிப்பூண்டி தடத்தில் விசில் ஊதியவன் நான். ஊசியோடு குடித்தனம் நடத்துகிற உங்களுக்கு இதெல்லாம் புதுசாக இருக்காது. இருந்தாலும் கேளுங்கள்.

ஒரு சிரிஞ்சு, இரண்டு பக்கம் கோடு

அப்போது இன்சுலின் நாற்பது, எண்பது என்று இரண்டு வீரியத்தில் வரும். கண்ணாடி சிரிஞ்சில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கமாகக் கோடு போட்டிருக்கும். ஒரு ஆடி மாசம் கடையில் நாற்பது இல்லையென்று எண்பதைக் கொடுத்துவிட்டார்கள். நான் புட்டியைப் படிக்காமல் வழக்கமான கோடு வரை இழுத்துப் போட்டுக்கொண்டு டூட்டிக்குப் போய்விட்டேன். உடம்பில் ஏறியது இரண்டு பங்கு; சர்க்கரை கிடுகிடுவென்று இறங்கத் தொடங்கியது.

பெரியபாளையம் நெருங்கும்போது சட்டை தொப்பலாக நனைந்துவிட்டது. கை உதறியது. டிக்கெட் கேட்ட பெரியவரிடம் விசிலை நீட்டினேன். அந்த நேரம் பார்த்துச் செக்கிங் இன்ஸ்பெக்டர் ஏறினார். மதுவிலக்கு அமலில் இருந்த காலம். குடித்துவிட்டு டூட்டி பார்த்தால் வேலை போவதோடு போலீஸ் கேஸும் உண்டு. "வாயை ஊது" என்றார். எனக்கு நாக்கு குழறியது. டிரைவர் முனுசாமி வண்டியை ஓரங்கட்டிவிட்டு ஓடி வந்தான். "சார், குடிக்கல சார். ஊசி ஜாஸ்தியா பூட்ச்சு. இனிப்பு குடுத்தா சரியாப் பூடும்!"

கோயிலுக்குப் பொங்கல் வைக்கப் போன ஒரு அம்மாள், "பேசிக்கினே நின்னா இன்னா அர்த்தம்?" என்று வெல்லக்கட்டியை உடைத்து என் வாயில் திணித்தாள். கொஞ்ச நேரத்தில் தெளிந்து எழுந்து, இன்ஸ்பெக்டருக்கு ஒழுங்காக ஒரு வணக்கம் வைத்தேன். என்னையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தவர் சொன்னார்: "வெல்லம் தின்னா தெளியற போதையை இன்னிக்குத்தான்யா பாக்கறேன்."

பந்திக்கு முந்திய ஊசி

முனுசாமி தங்கச்சிக்கு வேப்பம்பட்டில் கல்யாணம். "தாலி கட்டியாச்சு, இதோ பந்தி" என்று அவன் சொன்னதை நம்பி ஊசி போட்டுக்கொண்டேன். மாப்பிள்ளையின் மாமாவுக்குச் சரியான மரியாதை இல்லையாம். அவர் பந்தியைத் தடுத்து நிறுத்திவிட்டார். இரண்டு வீட்டுக்காரர்களும் கத்த, போட்ட மருந்து என் உடம்புக்குள் தன் வேலையை ஆரம்பித்துவிட்டது. கண் இருட்டியது. மரியாதையைப் பார்த்தால் உயிர் மிஞ்சாது என்று நேராகப் போய் இலை முன்னால் உட்கார்ந்தேன்.

"யார்ரா அவன்?" என்று மாமா பாய்ந்தார். முனுசாமி அவர் காதில் விஷயத்தைச் சொன்னான். நல்ல மனுஷன். உடனே தானே பாயச வாளியைத் தூக்கிக்கொண்டு வந்து, "சண்டையை அப்பால வச்சிக்கலாம், மொதல்ல இந்தப் புள்ள குடிக்கட்டும்" என்று ஊற்றினார். மாமாவே பரிமாறுகிறார் என்றதும் மொத்தக் கூட்டமும் வந்து உட்கார்ந்துவிட்டது. வாளி அவர் கையில் இருக்க, அப்புறம் எங்கே சண்டை? கை கழுவும்போது முனுசாமி சொன்னான்: "தாலி கட்டுனது மாப்ள, கல்யாணத்த நடத்தி வச்சது உன் ஊசி நைனா."

கவிழ்ந்த டப்பா

தினமும் செய்கிற காரியத்தில் ஒரு தொல்லை: இன்றைக்குச் செய்தோமா, நேற்றுச் செய்ததா என்று தெரியாது. அதனால் ஊசி போட்டதும் சிரிஞ்சு டப்பாவைக் கவிழ்த்து வைக்க வேண்டும் என்று என் மனைவி சரோஜா சட்டம் போட்டிருந்தாள். ஆரம்பாக்கத்திலிருந்து மாமியார் வந்திருந்த சமயம். நான் குளித்துவிட்டு வந்து பார்த்தால் டப்பா நிமிர்ந்திருந்தது. போடவில்லை போலிருக்கிறது என்று மறுபடி மருந்தை இழுத்துவிட்டேன்.

"ஏங்க, இப்பத்தான போட்டுக்கினீங்க!" என்று சரோஜா வந்து கையைப் பிடித்தாள். சந்தேகம் வந்தால் இரண்டாவது ஊசி போடவே கூடாது என்று டாக்டர் சொன்னது அப்போதுதான் எனக்கு உறைத்தது. "அலங்கோலமா கெடந்துச்சேன்னு நாந்தாம்மா நிமுத்தி வச்சேன்" என்றார் மாமியார். பிடித்த என் கையை சரோஜா இன்னும் விடவில்லை. ஆனாலும் வாய் சும்மா இருக்குமா? "ம்மா, இந்த ஊட்ல கவுந்து கெடக்கறது எதையும் நிமுத்தாத, உன் மருமவனத் தவிர."

ஊரே எனக்கு ஆகாது என்று சொன்ன இனிப்புதான், நான் கணக்குத் தப்பி ஊசி போட்டுக்கொண்ட போதெல்லாம் முதல் ஆளாக வந்து நின்றது.