இரண்டாவது தகடு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளில் உத்தமபாளையத்து அரிசி மில் ஒன்றில் டீசல் இன்ஜினைப் பழுது பார்க்க, மதுரையிலிருந்து கைப்புத்தகமும் கர்வமுமாகப் போனேன். எண்ணெயைப் பீய்ச்சும் பம்பை முறைப்படி கழற்றினேன். அதன் அடியில் இரண்டு மெல்லிய பித்தளைத் தகடுகள் இருந்தன. ஒன்று குறைந்தாலும் எண்ணெய் நேரம் தவறிப் பாய்ந்து இன்ஜின் இடிக்கும்.

சுத்தம் செய்து திரும்பப் பூட்டப் போனால் ஒரு தகடுதான் இருந்தது.

பக்கத்தில் நின்றவர் மில்லில் அந்த இன்ஜினை ஓட்டும் டிரைவர் ராவுத்தர் மட்டுமே. வெளியூர் மெக்கானிக் எதற்கு என்று காலையிலேயே முணுமுணுத்தவர். எனக்கு அதுவே போதுமான சாட்சி. நேரே முதலாளியிடம் போய், ராவுத்தர்தான் தகட்டை ஒளித்துவிட்டார் என்று சொல்லி அவரை அழைத்து வந்தேன்.

"தகடு வரலைன்னா நாளைக்கு வேலைக்கு வர வேணாம் ராவுத்தரே" என்று சொல்லிவிட்டு முதலாளி தன் அறைக்குள் போனார்.

ராவுத்தர் என்னிடம், "எத்தனை தகடுன்னு புஸ்தகத்துல போட்டிருக்காக? பாருங்க தம்பி" என்றார்.

அவரை மடக்கும் ஆவலோடு திறந்தேன். பக்க அடையாளமாக நானே வைத்த தகடு அங்கே இருந்தது.

அவர் அதை எடுத்துத் துடைத்தார். "கெடைச்சிருச்சு முதலாளி. என் துணியிலதான் ஒட்டிக்கிட்டு இருந்துச்சு" என்று குரல் கொடுத்தார். முதலாளி வந்து அவரைத் திட்டித் தீர்த்தார். நான் குனிந்து, தகட்டைப் பம்பின் அடியில் வைத்துப் பூட்டிக்கொண்டிருந்தேன்.

இன்ஜின் நன்றாகவே ஓடியது. பதிலுக்கு ஏதோ கேட்கப் போகிறார் என்று பஸ் ஏறும்வரை அவரையே கவனித்துக்கொண்டிருந்தேன். பெட்டியைத் தூக்கிக் கொடுத்தவர், "புஸ்தகத்துக்கு வேற அடையாளம் வைங்க தம்பி" என்றார். அவ்வளவுதான்.

அன்று முதல் பக்கத்தை மடித்துத்தான் வைக்கிறேன். எல்லா முறைகளும் தெரிந்த எனக்கு, முதலாளியிடம் உண்மையைச் சொல்லும் முறை மட்டும் கடைசிவரை தெரியவில்லை.